பத்தாயிரம் ரூபாய் பேஸ் கிடார்... பக்காவாக ஒலிக்க என்ன செய்யலாம்?

விலை குறைந்த பேஸ் கிடாரை வாங்கி, 'நமக்கு இது வராது' என்று பீரோவுக்குப் பக்கத்தில் சாத்திவைத்தவர்கள் ஏராளம். கோளாறு பெரும்பாலும் விரலில் இல்லை, கருவியில்தான். அதைச் சரிசெய்யும் வழிகளும், எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இங்கே.

பாட்டில் இருக்கும்போது பலருக்கும் தெரியாது. நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் தெரியும். அதுதான் பேஸ் கிடார்!

'மூடுபனி' (1980) படத்தில் இளையராஜா இசையில் கே.ஜே.யேசுதாஸ் பாடிய அந்தக் கிடார் பாட்டை ஒருமுறை போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முதல்முறை குரலும் கிடாரும் மட்டுமே காதில் விழும். இரண்டாம்முறை, அடியில் ஒருவர் தனியாக இன்னொரு மெட்டை நடத்திக்கொண்டு போவது தெரியவரும். காரணம் எளிது. பேஸ் கிடாரின் தடித்த கம்பியான 'இ', நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த அளவு தாழ்ந்த ஒலியைத் தள்ளும் சக்தி போனின் குட்டி ஸ்பீக்கருக்குக் கிடையாது.

இளையராஜாவின் குழுவில் நீண்டகாலம் பேஸ் வாசித்த சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ், ரஹ்மானுடன் மேடையேறிய மோகினி டே என்று இந்தக் கருவிக்குப் பெருமை சேர்த்தவர்கள் பலர். 'கோ' (2011) படப் பாடலால் பாடகராக அறியப்பட்ட ஆலாப் ராஜுவும் ஒரு பேஸ் கிடார் கலைஞர்தான். இவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழிங்கநல்லூர் தாண்டி நாவலூர், சிறுசேரி என்று நீளும் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில், வாரம் முழுக்க லேப்டாப், வார இறுதியில் கிடார் என்று கனவு காண்பவர்கள் உண்டு. பிள்ளை கேட்டான் என்பதற்காக ஆன்லைனில் ஆர்டர் போடும் பெற்றோரும் உண்டு. பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே ஒரு பேஸ் வீட்டுக்கு வந்துவிடும்.

வந்த சில வாரங்களில் விரல் நுனி எரியும். கம்பி ஃப்ரெட்டில் உரசி 'டர்ர்' என்று கத்தும். ஆம்ப்பில் மாட்டினால் 'உர்ர்' என்று ஒரு இரைச்சல். மூன்றாவது மாதம் கருவி மூலைக்குப் போய்விடும். கூடவே, 'அவனுக்கு எதிலும் பொறுமை கிடையாது' என்ற பேச்சும் வரும். அந்தப் பேச்சு பல வீடுகளில் அநியாயமானது.

விலைக் குறைவு எங்கே ஒளிந்திருக்கிறது?

1951-ல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் தன்னுடைய 'பிரிசிஷன் பேஸ்' கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் பேஸ் என்றால், ஆள் உயரத்துக்கு நிறுத்தி வாசிக்கும் டபுள் பேஸ்தான். அதில் ஃப்ரெட் கிடையாது. சுரம் சரியாக விழுவது முழுக்க வாசிப்பவரின் விரலையும் காதையும் பொறுத்தது. ஃப்ரெட் வைத்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. 'பிரிசிஷன்' என்ற பெயரும் அந்தத் துல்லியத்தைச் சொல்வதுதான். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலக் கம்பி நீளம், நான்கு கம்பிகள், மரத்தாலான கட்டையான உடல்... இன்று ஆன்லைனில் கிடைக்கும் மலிவு விலை பேஸ்களில் பெரும்பாலானவை இந்த அளவையும், 1960-ல் வந்த 'ஜாஸ் பேஸ்' வடிவத்தையும் பின்பற்றுபவையே.

மரத்தைச் செதுக்கும் வேலையை இன்று கம்ப்யூட்டர் இயந்திரங்களே செய்துவிடுகின்றன. அதனால் மலிவுக் கருவியின் உடலும் நெக்கும் ஓரளவு சரியாகவே இருக்கும். விலையைக் குறைக்க, மனிதக் கை செய்யவேண்டிய கடைசிக்கட்ட வேலைகளில்தான் கை வைப்பார்கள். ஃப்ரெட்டுகளைச் சமன்செய்வது, அவற்றின் ஓரத்தை மழுக்குவது, நட்டில் உள்ள பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, கம்பி உயரத்தைச் சீராக்குவது போன்றவை அவை. உள்ளே இருக்கும் மின் பாகங்களும் சுமார் ரகமாக இருக்கும்.

இதில் நல்ல செய்தி என்னவென்றால், விட்டுப்போன இந்த வேலைகளைப் பிறகு செய்துகொள்ளலாம். புதுக் கருவிக்கு இன்னொரு முப்பதாயிரம் தேட வேண்டியதில்லை.

முதல் செலவு: கம்பியும் செட்டப்பும்

பெட்டியோடு வந்த கம்பிகளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பேஸில் பொதுவாகப் பயன்படும் தடிமன், அங்குலக் கணக்கில் 0.045 முதல் 0.105 வரை. சுருள் கம்பி வெளியே வரிவரியாகத் தெரியும் 'ரவுண்ட்வவுண்ட்' கம்பி பளிச்சென்று ஒலிக்கும். மேற்பரப்பு தட்டையாக இருக்கும் 'ஃப்ளாட்வவுண்ட்' கம்பி, பழைய சினிமாப் பாட்டுகளில் வருவதுபோல உருண்டு திரண்ட ஒலியைத் தரும். விரலுக்கும் இதமானது, ஆனால் விலை அதிகம்.

அடுத்தது செட்டப். நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 75 முதல் 80 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுவையைத் தாங்க நெக்கின் உள்ளே 'டிரஸ் ராட்' என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. 'இ' கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழு அல்லது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. இடைவெளி அதிகம் என்றால் டிரஸ் ராடை ஆலன் கீயால் வலப்பக்கம் திருப்ப வேண்டும்; இடைவெளியே இல்லை என்றால் இடப்பக்கம். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருகு முரண்டு பிடித்தால், பலத்தைக் காட்டாமல் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். அது முறிந்தால் நெக்கே போச்சு!

நெக் சரியானதும் கம்பி உயரம். 12-வது ஃப்ரெட்டின் மேல் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் பெரும்பாலானோருக்கு வசதி. புதுக்கருவிகளில் இது 4 மி.மீ. வரைகூட இருப்பதுண்டு. விரல் எரிந்ததன் ரகசியம் அதுதான்.

கடைசியாக சுரம். 12-வது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மணி போன்ற ஒலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால், பிரிட்ஜில் உள்ள அந்தக் கம்பியின் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். போனில் உள்ள டியூனர் ஆப் தாழ்ந்த 'இ' சுரத்தைச் சில நேரம் பிடிக்காமல் தடுமாறும். அந்த மணி ஒலியைக் கொடுத்துப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்ளும்.

கடல் காற்றும் ஏசி அறையும்

நாவலூரிலிருந்து முட்டுக்காடும் கோவளமும் சில கிலோமீட்டர்தான். அங்கிருந்து மாமல்லபுரம் வரை வீசும் உப்புக்காற்றுக்கு இரும்பும் நிக்கலும் பிடித்தமான தீனி. வெளியே மாட்டிவைத்த கம்பி சீக்கிரமே ஒலி மங்கி, சொரசொரப்பாகிவிடும். பெடலின் பிளக் சாக்கெட்டும், வால்யூம் கன்ட்ரோலின் உட்புறமும்கூடத் தப்பாது.

இன்னொரு பக்கம், இரவெல்லாம் ஏசி ஓடும் அறை. ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மரம் லேசாகச் சுருங்கி, ஃப்ரெட்டின் உலோக முனை ஓரத்தில் துருத்தி உள்ளங்கையைக் கீறும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஈரம் ஏறி, நெக்கின் வளைவு மாறும். இதனால்தான் கோடையில் செய்த செட்டப்பை நவம்பரில் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கான தற்காப்பு செலவில்லாதது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். கருவியைப் பைக்குள் வையுங்கள். பைக்குள் இரண்டு, மூன்று சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். ஏசியின் நேர்க்காற்று படும் இடத்தைத் தவிருங்கள்.

'உர்ர்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருள். சுற்றியுள்ள ஒயர்கள், சார்ஜர்கள், எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றின் இரைச்சலை அது ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இது அதிகம். 1957 முதல் பிரிசிஷன் பேஸில் வந்த இரட்டைத் துண்டு பிக்கப், இரண்டு சுருள்களையும் எதிரெதிராக இணைத்து இந்த இரைச்சலை ரத்துசெய்யும் வகையில் அமைந்தது.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், கிரவுண்ட் இணைப்பு வேலை செய்கிறது, உள்ளே மறைப்பு மட்டும் போதவில்லை என்று அர்த்தம். பிக்கப்பும் கன்ட்ரோலும் இருக்கும் குழிகளின் உட்புறம் முழுக்கச் செம்புத் தகடு டேப்பை ஒட்டி, அதை கிரவுண்டோடு ஒரு ஒயரால் இணைத்தால் பெருமளவு அடங்கும். டேப்பின் பசையும் மின்சாரம் கடத்துவதாக இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். தொட்டதும் இரைச்சல் கூடினால், கிரவுண்ட் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்பியைத் தொடும்போது சுருக்கென்று ஷாக் அடித்தால், அந்த நொடியே வாசிப்பதை நிறுத்தி, ஆம்ப்பின் மெயின் சுவிட்சை அணையுங்கள். வீட்டு எர்த்திங்கையும் ஆம்ப்பையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் மறுபடி தொடாதீர்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைப்பது உயிரோடு விளையாடுவது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை

மோடிஃபிகேஷன் என்றதும் புது பிக்கப்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்குமுன் சில்லறைச் செலவில் முடியும் வேலைகள் இருக்கின்றன. வால்யூமைத் திருப்பினால் 'கரகர' என்கிறதா? கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சிலமுறை திருப்பிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அந்த 'பாட்' எனப்படும் கன்ட்ரோலை மாற்றலாம். பெரும்பாலான சாதாரண பேஸ்களில் இருப்பது 250 கிலோ ஓம் பாட். டோன் கன்ட்ரோலில் இருக்கும் கெப்பாசிட்டரின் வழக்கமான அளவு 0.047 மைக்ரோஃபாரட், 0.1 போட்டால் டோனைக் குறைக்கும்போது ஒலி இன்னும் இருண்டு வரும். ஒயர் மாட்டும் ஜாக் தொளதொளவென்று ஆடினால் அதையும் மாற்றிவிடுங்கள்.

இதுபோன்ற சாமான்கள் அத்தனைக்கும் சென்னை அண்ணா சாலை அருகே இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் புகழ்பெற்றது. பிரித்த பாகத்தையும் கையோடு எடுத்துப் போனால், தண்டின் தடிமன் முதல் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து வாங்கலாம். பிரிக்கும்முன் உள்ளே இருக்கும் ஒயர்களை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால், முதலில் ஒரு பழைய சர்க்யூட் போர்டில் பழகுங்கள்.

பிக்கப் மாற்றுவது கடைசி. அதற்குமுன் ஸ்குரூ டிரைவரால் அதன் உயரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தும்போது, பிக்கப்புக்கும் கம்பிக்கும் சுமார் 3 மி.மீ. இடைவெளி நல்ல தொடக்கம். பல பேருக்குப் பழைய பிக்கப்பே இதன்பிறகு பிடித்துவிடும். அப்படியும் ஒலி மந்தமாக இருந்தால் மட்டும், நீள அகலத்தை அளந்து புதியது வாங்குங்கள். கனமான பிரிட்ஜ் போன்றவற்றால் கிடைக்கும் மாற்றம் மிகச் சிறியது. அந்தப் பணத்துக்கு இரண்டு செட் கம்பி வாங்கிவிடலாம்.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப்போடாதீர்கள். விற்கும்போது மோடிஃபிகேஷனுக்குச் செலவழித்த காசு திரும்பாது. பழையதை மாட்டிக் கருவியை விற்று, நல்ல பிக்கப்பை அடுத்த கருவிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கோளாறில் பிறந்த பெடல்

எஃபெக்ட்ஸ் பெடலின் கதையே ஒரு பேஸ் கிடாரில் இருந்துதான் வேகமெடுத்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் ஹிட்டான ஒரு பாட்டின் பதிவு. கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் கிடாரில் தனி வாசிப்பு வாசித்தார். ஸ்டூடியோ மிக்ஸரின் ஒரு சேனல் கெட்டுப்போயிருந்ததால், ஒலி வண்டு ரீங்காரம்போலப் பதிவானது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். மக்களுக்குப் பிடித்துப்போனது! பதிவுசெய்த இன்ஜினீயர் கிளென் ஸ்னாடி, அதே கோளாறைத் தரும் சர்க்யூட்டை உருவாக்க, 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' பெடலாகச் சந்தைக்கு வந்தது. 1965-ல் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் பேஸில் ஃபஸ் ஒலியைப் பயன்படுத்தினார்.

எதிர்ப்பக்கத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்தின் 1960-களின் ஹிட் பாடல்களில் பேஸ் வாசித்த மேதை. ஒரு பிரிசிஷன் பேஸ், எளிதில் மாற்றாத ஃப்ளாட்வவுண்ட் கம்பி, வலக்கையில் ஒற்றை ஆள்காட்டி விரல். பெடலே கிடையாது! இரண்டு வழியும் சரிதான். எந்த ஒலி வேண்டும் என்பது முதலில் மனதில் கேட்க வேண்டும், பெடல் பிறகு.

எந்தப் பெடல் முதலில்?

டியூனர்: கவர்ச்சி இல்லாதது, ஆனால் எல்லாவற்றையும்விட அவசியமானது. மேடையில் சத்தமே வராமல் சுருதி சேர்க்கலாம்.

கம்ப்ரஸர்: ஓங்கி அடித்த சுரத்தை அடக்கி, மெல்ல அடித்ததைத் தூக்கி, ஒலியைச் சமன்செய்யும். ஒழுங்காக வாசிக்கப் பழகும்முன் இதை வாங்கினால், கையின் குறையை அது மூடிவிடும்.

ஓவர்டிரைவ்: கிடாருக்கான ஓவர்டிரைவ் பெடல்கள் பலவும் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும், பேஸ் கால் இல்லாமல் மிதக்கும். சுத்தமான ஒலியையும் கலந்து தரும் 'பிளெண்ட்' குமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆக்டேவ்: வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்றைச் சேர்க்கும். 'இ' கம்பியில் போட்டால் சுமார் 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அது மனிதக் காதின் எல்லை. வெறும் அதிர்வுதான் மிஞ்சும். மேல் கம்பிகளில் வாசிக்கும்போதுதான் இதற்கு மதிப்பு.

கோரஸ்: ஒரே பேஸை இருவர் வாசிப்பதுபோன்ற அலையடிக்கும் ஒலி. மெல்லிசைக்கு அழகு, தூக்கலாக வைத்தால் சுருதி கலங்கும்.

ப்ரீஆம்ப் டி.ஐ.: மெல்லிசைக் குழு, சர்ச், கல்லூரி கல்ச்சுரல்ஸ் என்று மேடை ஏறுபவருக்கு இதுதான் பெரிய நண்பன். ஆம்ப் இல்லாமலே மிக்ஸரில் நேரடியாக இணைக்கலாம்.

இணைக்கும் வரிசையும் இருக்கிறது. டியூனர், கம்ப்ரஸர், ஆக்டேவ், ஓவர்டிரைவ், கோரஸ், கடைசியாக டி.ஐ. என்பது நல்ல தொடக்கம். ஆக்டேவுக்குச் சுத்தமான சுரம் கிடைத்தால்தான் சரியாகப் பிடிக்கும்; அதனால் அது ஓவர்டிரைவுக்கு முன்னால் நிற்கிறது.

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை, பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். கீபோர்டு அடாப்டரையோ மோடம் அடாப்டரையோ எடுத்துச் செருகினால், துருவம் மாறிப் பெடல் கருகிப்போகலாம். ஒவ்வொரு பெடலும் கேட்கும் மில்லிஆம்பியரைக் கூட்டி, அதைவிட அதிகம் தரும் அடாப்டராக வாங்குங்கள்.

அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். இரவு பதினொரு மணிக்கு நீங்கள் வாசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தில் விழும். தனித்தனிப் பெடல்களுக்குப் பதில், ஹெட்போன் வசதியுள்ள ஒரு சிறிய பேஸ் மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கினால், டியூனர் முதல் கோரஸ் வரை ஒரே பெட்டியில் முடியும். பலவற்றில் டிரம்ஸ் தாளமும் உண்டு. இப்படி எல்லாவற்றையும் கேட்டுப் பழகிய பிறகு, எது இல்லாமல் முடியாது என்று தெரிகிறதோ, அதை மட்டும் தனிப் பெடலாக வாங்கலாம்.

கையில் காசு வரும் வரிசையில்...

1. புதுக் கம்பி, செட்டப்.
2. துடைக்கும் துணி, பை, சிலிகா ஜெல்.
3. நல்ல ஒயர், உறுதியான ஜாக், செம்பு டேப்.
4. ஹெட்போன் வசதியுள்ள மல்டி எஃபெக்ட்ஸ், அல்லது டியூனர்.
5. பிக்கப்.
6. மனதுக்குப் பிடித்த ஒரே ஒரு பெடல்.

இந்தப் பட்டியலில் முதல் மூன்றை முடித்தாலே, மூலையில் கிடந்த கருவி வேறொன்றாக மாறியிருக்கும். மோடிஃபிகேஷன்களின் மொத்தச் செலவு கருவியின் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த கருவிக்குச் சேமிக்கத் தொடங்குவது புத்திசாலித்தனம். அடுத்ததை ஆன்லைனில் வாங்காமல், அண்ணா சாலையில் 1842-லிருந்து இயங்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளுக்குப் போய், கையில் எடுத்து, தோளில் மாட்டி வாசித்துப் பார்த்து வாங்குங்கள். இந்தமுறை எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எங்கே கண் வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ, நீங்களேகூடவோ பாதியில் விட்ட பேஸ் கிடார் ஒன்று இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தூசிதட்டி எடுங்கள். 12-வது ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வைத்துக் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். 4 மி.மீ. என்று காட்டினால், பொறுமை இல்லாதவர் யாரும் அந்த வீட்டில் இல்லை!